அப்பா வீட்டில் இருக்கும் நாட்கள்: கடற்கரை இளைஞர் குழுவோடு குறும்படம் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதியில் வளரும் பிள்ளைகளுக்குக் கேமரா புதிய பொருள் அல்ல. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் கேமரா வரும். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால் வரும். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டின் வாசலில், அழுகிற தாயின் முகத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும். இரண்டு நாளில் போய்விடும். அந்தச் செய்திகள் வெளிவரத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கரையில் வாழும் பதினேழு வயதுப் பெண்ணோ பையனோ தன் ஊரைத் திரையில் பார்க்கும் போதெல்லாம் அது அழுதுகொண்டே இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் தங்கள் கையில் கேமராவை எடுத்தால் வேறு ஊர் தெரியும். அதைப் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் பங்கு இளைஞர் இயக்கமோ, ஜமாஅத் இளைஞர் அணியோ, நற்பணி மன்றமோ நடத்துபவர்களுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் இது உதவும். ஓரளவு நல்ல கைபேசிகள் இரண்டு மூன்று போதும். ஐந்து முதல் எட்டு நிமிடத்துக்குள் ஒரு படம் என்பதே இலக்கு. அதற்கு மேல் நீட்டினால் முதல் படம் முடியாமலே போய்விடும்.

முதலில் காலம்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடுகிறது. படகுகள் கரையில் நிற்கும். பலகை மாற்றுவார்கள், வண்ணம் பூசுவார்கள், வலை பின்னுவார்கள். பெரியவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். குறும்படப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான காலம் இந்தக் கரைக்கு இல்லை. வெயில் கடுமைதான். காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் மாலை நான்குக்கு மேலும் வெளியில் படமெடுத்துவிட்டு, நடுப்பகலைப் பேச்சுக்கும் எடிட்டிங்குக்கும் வைத்துக்கொள்ளலாம். வேறு மாதங்களில் செய்வதானால், விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வாரத்தின் நாட்களைப் பங்கிட்டுக்கொண்டு கடலுக்குப் போகும் முறையை அறிந்து அட்டவணை போடுங்கள். வீட்டில் ஆளே இல்லாத நாளில் போய் நிற்பதில் பயனில்லை.

குழு சேர்ப்பது

எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை. வயது பதினைந்திலிருந்து இருபத்திரண்டு. ஒரே தெருவிலிருந்து எடுக்காதீர்கள். விசைப்படகு வீடு, நாட்டுப்படகு வீடு, அம்மா கடலில் பாசி எடுக்கும் வீடு, ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர் வீடு, கருவாடு காய வைப்பவர் வீடு, அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடு என்று கலந்து வரட்டும். இந்தக் கலப்பின் பயன் பின்னால் தெரியும்.

பெண் பிள்ளைகள் சரிபாதி இருக்க வேண்டும். வரவேண்டும் என்று விரும்பினால் மட்டும் போதாது. அதற்கேற்ப வேலையை அமைக்க வேண்டும். பெற்றோரை ஒருமுறை கூட்டி, எங்கே, எத்தனை மணி வரை, யார் உடனிருப்பார்கள் என்று சொல்லுங்கள். இருட்டும் முன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முதல் நாள் கேமராவை முதலில் ஒரு பெண்ணிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கேமரா பையன்களிடமே தங்கிவிடும். பெண்கள் குறிப்பு எழுதுபவர்களாகவும் தண்ணீர் கொடுப்பவர்களாகவும் ஆகிவிடுவார்கள். கேமரா, ஒலி, கேள்வி கேட்பது, குறிப்பு ஆகிய நான்கு வேலைகளும் ஒவ்வொரு நாளும் கைமாற வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவான ஒன்றைக் கண்டுபிடிப்பது

மொத்த வேலையில் பாதி நேரத்தை இங்கே செலவழியுங்கள். 'உங்கள் ஊரின் பிரச்சினை என்ன?' என்று கேட்டால் பிள்ளைகள் செய்தித்தாள் வாசகங்களைத் திருப்பிச் சொல்வார்கள். அவர்கள் கேட்டு வளர்ந்த பதில் அதுதான். கேள்வி சிறியதாக, கையால் தொடக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டில் தண்ணீர் எடுப்பது யார் வேலை, எத்தனை மணிக்கு? தனுஷ்கோடிப் பக்கம் போகும்போது கைபேசி இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்தால் மனதில் என்ன தோன்றுகிறது? கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு வீட்டிலிருந்து யார் போய் வந்தார்கள், வந்து என்ன சொன்னார்கள்? அப்பா வீட்டில் இருக்கும் நாளில் காலை எப்படி விடியும்?

வட்டமாக உட்காருங்கள். கைபேசிகள் நடுவில், அணைத்த நிலையில். ஆளுக்கு மூன்று நிமிடம். பேசும்போது குறுக்கே யாரும் பேசக்கூடாது. 'எங்கள் வீட்டிலும்' என்றுகூடச் சொல்லக்கூடாது. பேச விருப்பமில்லாதவர் 'அடுத்தவர்' என்று சொல்லிவிடலாம், காரணம் கேட்கக்கூடாது. எல்லோரும் பேசிய பிறகு ஒவ்வொருவருக்கும் சில துண்டுச் சீட்டுகள் கொடுங்கள். *மற்றவர் சொன்னதில்* தன் வீட்டிலும் நடப்பது எதுவோ அதை மட்டும் எழுத வேண்டும். சீட்டுகளைச் சுவரில் ஒட்டுங்கள். எங்கே சீட்டுகள் குவிகின்றனவோ அங்கேதான் படம் இருக்கிறது.

அந்தக் கடைசிக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். விசைப்படகு வீட்டுப் பிள்ளைக்கு அப்பா வீட்டில் இருப்பது என்றால் தடைக்காலம். முதல் வாரம் திருநாள் மாதிரி. மூன்றாம் வாரம் அடகுக்கடை. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால், அந்த வீட்டில் அதே மாதங்களில் அப்பா வீட்டிலேயே இருப்பதில்லை. மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் அது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைக்கு அது வாப்பா விடுமுறையில் ஊர் வரும் நாட்கள். அவர் கொண்டுவந்த பெட்டியும், அவரோடு என்ன பேசுவது என்று தெரியாத தயக்கமும். பாசி எடுக்கும் அம்மாவின் மகள், 'அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குகிறார்' என்பாள். எல்லோருக்கும் பொதுவான அனுபவம் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்தது என்று பொருள் இல்லை. ஒரே கேள்வியைத் தங்கள் வீட்டிலும் கேட்டுப் பார்க்க முடிந்தால் போதும். இந்த வேறுபாடுகளை வெட்டி எறிந்து 'மீனவர் வாழ்க்கை' என்று பொதுவாக ஆக்கிவிடாதீர்கள். படத்தின் சுவை அங்கேதான்.

இன்னொன்று. வட்டத்தில் சில சமயம் கனமான விஷயம் வெளிவரும்: கடலில் போன அண்ணன், சிறையில் இருக்கும் மாமா, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை. சொல்பவர் சொல்லி முடிக்கட்டும். அங்கேயே 'இதைப் படமாக எடுக்கலாம்' என்று யாரும் சொல்லக்கூடாது. வழிகாட்டுபவர் குறிப்பாகச் சொல்லவே கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவர் தனக்குத் துன்புறுத்தல் நடப்பதாகச் சொன்னால், அது படத்துக்கான பொருளே அல்ல. அன்றைக்கே நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பொறுப்பேற்று 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். முகத்தை மறைத்தாலும் வீடும் தெருவும் குரலும் சிற்றூரில் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கேள்வியைக் காட்சியாக்குவது

சுவரில் குவிந்த சீட்டுகளிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு: 'அப்பா வீட்டில் இருந்தால் வீட்டுக்குள் யாருடைய இடம் மாறுகிறது?' இனி இதற்கு வார்த்தையால் பதில் தேட வேண்டாம். ஒவ்வொருவரும் தன் வீட்டில் கண்ணால் காணக்கூடிய மூன்றும், காதால் கேட்கக்கூடிய ஒன்றும் கொண்டுவர வேண்டும். முற்றத்தில் விரித்த வலையால் கோலம் போட இடமில்லாமல் போவது. டிவி ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது. அம்மாவின் கடன் கணக்கு நோட்டு. அதிகாலையில் ஒலிக்காத அலாரம்.

நேர்காணல் எளிது, அதனாலேயே எல்லோரும் அதில் விழுகிறார்கள். ஐந்து நிமிடப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேசும் காட்சி ஒரு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று குழுவாக முடிவெடுங்கள். மீதியைச் செயல் சொல்லட்டும். ஒரு செயலைப் பதிய ஐந்து ஷாட் போதும்: வேலை செய்யும் கை, அந்த வேலையைப் பார்க்கும் முகம், ஆளும் இடமும் சேர்ந்த தூரக் காட்சி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பது, ஐந்தாவதாக வேறு யாருக்கும் தோன்றாத ஒரு கோணம். வலை பின்னும் ஒருவரை வைத்து ஒரு காலை முழுவதும் இந்த ஐந்தை மட்டும் பழகுங்கள். ஒவ்வொரு ஷாட்டையும் பத்து நொடி அசையாமல் பிடிக்கப் பழகுவதுதான் பிள்ளைகளுக்குக் கடினமான பாடம்.

ஒப்புதல்

மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். படமெடுக்கலாமா? எடுத்ததைப் படத்தில் சேர்க்கலாமா? ஊருக்கு வெளியே காட்டலாமா? முதலாவதற்குச் சம்மதித்தவர் மூன்றாவதற்கு மறுக்கலாம். 'பாட்டி, நீங்கள் சொன்னதை மதுரையிலும் சென்னையிலும் பார்ப்பார்கள், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், சம்மதமா?' என்று தெளிவாகக் கேட்டு, பதிலைக் கேமராவிலேயே பதிவுசெய்துகொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவரிடம் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் திரையில் வந்தால் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும், அந்தப் பிள்ளையின் விருப்பமும் இரண்டும் வேண்டும்.

பின்னணியைப் பாருங்கள். படகின் முகப்பில் பதிவு எண் இருக்கும். கணக்கு நோட்டில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கும். கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் உயிரினம். 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை. எங்கோ ஒரு மூலையில் அது தட்டுப்பட்டால், உங்கள் படம் ஒரு குடும்பத்துக்கு எதிரான சாட்சியமாகிவிடும். வழக்கு நடக்கும் வீட்டில் எதையும் பதிவுசெய்யும் முன் அவர்களுடைய வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கெல்லாம் கேமராவை எடுக்கக் கூடாது

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்க முடியாது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளமும், மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் இருப்பதால் டிரோன் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். உங்கள் கதைக்கு அது தேவையும் இல்லை. ரயில் பாலத்தின் மீதோ தண்டவாளத்திலோ படமெடுக்க ரயில்வே அனுமதி வேண்டும். பிள்ளைகளைத் தண்டவாளத்துக்கு அருகில் விடவே விடாதீர்கள். இறங்குதளத்தில் எடுப்பதானால் மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் ஊர்த் தலைவருக்கும் சங்கத்துக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுங்கள். படகில் ஏறிக் கடலுக்குப் போய் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் படத்தில் வேண்டாம்.

கருவிகள்

கைபேசி, ஒரு சிறிய முக்காலி, கம்பியுள்ள காலர் மைக், பவர் பேங்க், மெமரி கார்டு. முகத்தில் நிழல் விழுந்தால் வெளிச்சத்தைத் திருப்ப ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. கைபேசியைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். விமானப் பயன்முறையில் வையுங்கள். 1080பி தரம் போதும். நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றைம்பது எம்.பி. வரை பிடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ட்யூப்லைட் வெளிச்சத்தில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் திரை மினுங்காது. முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னாலிருக்கும் கடல் பளபளக்கும் ஒவ்வொரு முறையும் முகம் கறுத்துவிடும்.

உப்புக்காற்று லென்ஸில் படியும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்பு பருத்தித் துணியால் துடையுங்கள், ஈரக் கையால் தொடாதீர்கள். வெயிலில் மணலில் வைத்த கைபேசி சூடாகிப் பதிவை நிறுத்திவிடும்.

காற்றும் ஒலியும்

இந்தக் கரையில் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் ஒலியில்தான் கெடுகின்றன. கண்ணுக்கு எல்லாம் அழகாகப் பதிந்திருக்கும். கேட்டால் ஒரே இரைச்சல். கைபேசியின் சொந்த மைக் காற்றுக்கு நிற்காது. காலர் மைக்கின் தலையில் பஞ்சும், அதன்மேல் ரோமம் போன்ற துணியும் சுற்றி, சட்டைக்குள் மார்பருகே வையுங்கள். பேசுபவர் முதுகு காற்றுப் பக்கம் இருக்கட்டும்.

பாம்பன் தீவில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் இரையும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இது தலைகீழாக மாறும். ஒரே ஊருக்கு இரண்டு கடல் இருப்பதால், அன்றைய காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பக்கம் என்று பிள்ளைகளின் தாத்தாக்களிடம் கேளுங்கள். கேட்ட அந்த நிமிடமே அவரும் படக்குழுவில் ஒருவராகிவிடுவார். பொதுவாக விடியற்காலையில் காற்று குறைவு. முக்கியமான பேச்சுகளை அப்போது, படகு மறைவிலோ பனங்கூட்டத்தின் உட்புறத்திலோ வீட்டுத் தாழ்வாரத்திலோ எடுத்துவிடுங்கள்.

ஒலியைத் தனிக் கைபேசியில் பதிந்தால், ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒருவர் ஒருமுறை கைதட்ட வேண்டும். எடிட்டிங்கில் ஒலியையும் படத்தையும் பொருத்த அது உதவும். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஓசையை மட்டும் பதியுங்கள். வெட்டு விழும் இடங்களை மூட அது வேண்டும். மீன் ஏலம் போடும் குரல், எஞ்சின் சத்தம், வலையிலிருந்து ஈயக்குண்டு தரையில் விழும் ஓசை ஆகியவற்றைத் தனியாகச் சேகரியுங்கள். கரைவலை இழுத்த காலத்தில் எல்லோரும் சேர்ந்து பாடிய அம்பாப் பாட்டு தெரிந்த பெரியவர் ஊரில் இருந்தால் அவரிடம் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். சினிமாப் பாட்டைச் சேர்த்தால் யூடியூப் தடுத்துவிடலாம். அம்பாப் பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, பாடியவரின் ஒப்புதல் மட்டும் வேண்டும்.

சேமிப்பும் எடிட்டிங்கும்

அன்றைய பதிவுகள் அன்றிரவே இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். கோப்புக்குத் தேதி, இடம், ஆள் என்று பெயரிடுங்கள்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் காகிதத்தில் எடிட் செய்யுங்கள். ஒவ்வொரு நல்ல ஷாட்டுக்கும் ஒரு சீட்டு. தரையில் பரப்பி வரிசைப்படுத்துங்கள். குழுவை இரண்டாகப் பிரித்து, அதே சீட்டுகளைத் தனித்தனியாக அடுக்கச் சொல்லுங்கள். ஒரு வரிசையில் அப்பா பாவமாகத் தெரிவார், மற்றதில் அம்மா களைத்துத் தெரிவார். எது உண்மைக்கு நெருக்கம் என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். வழிகாட்டுபவர் அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் படம் அவர்களுடையதாகும். வரிசை முடிவான பிறகு கைபேசியில் வி.என். அல்லது கைன்மாஸ்டர், கணினி இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு எதிலும் செய்யலாம். பளபளக்கும் மாற்றங்களும் மெதுவோட்டமும் வேண்டாம். ஊர்ப்பேச்சைத் திருத்தாதீர்கள். வெளியூர்க்காரருக்குப் புரியாது என்றால் எழுத்தில் கீழே போடுங்கள்.

முதல் பார்வையாளர்கள்

1967-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய ஃபோகோ தீவில், கனடா தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ அங்குள்ள மீனவர்களைப் பற்றிச் சின்னச் சின்னப் படங்கள் எடுத்தார். சிதறிக் கிடந்த ஊர்களை அரசு வேறிடத்துக்கு மாற்றப் பார்த்த காலம் அது. படத்தில் இருந்தவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டினார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை நீக்கினார்கள். பிறகு ஊர் ஊராகக் காட்டினார்கள்; தங்கள் தொல்லை பக்கத்து ஊரிலும் இருக்கிறது என்று மக்கள் கண்டார்கள். அரசு அலுவலர்களும் அந்தப் படங்களைப் பார்த்தார்கள். தீவு மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தங்கள் இடத்திலேயே நிலைத்தார்கள். அது அவர்கள் கடல், இது நம் கடல். ஆனால் அந்த வரிசையை நான் அப்படியே எடுத்துக்கொள்வேன்: முதலில் படத்தில் உள்ளவர், பிறகு ஊர், பிறகுதான் வெளி.

ஆகவே முடிந்த படத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துப் போங்கள். தனியாக, அவர்கள் வசதியான நேரத்தில். 'இந்த இடத்தில் நான் சாப்பிடுவது வேண்டாம்' என்று ஓர் அம்மா சொன்னால் எடுத்துவிடுங்கள். அது எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும் சரி. பேரம் பேசாதீர்கள்.

ஊர்த் திரையிடல்

வேட்டியைக் கட்டித் திரையிடும் எண்ணம் வரும். கடற்காற்றில் அது பாய்மரம் போல உப்பிவிடும். வெள்ளையடித்த சுவர் நல்லது. மறுநாள் விடியலில் படகுகள் புறப்படாத இரவாகப் பாருங்கள். தேவாலய மாலை மன்றாட்டும் பள்ளிவாசல் இரவுத் தொழுகையும் முடிந்த பிறகு தொடங்குங்கள். மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். பெண்கள் உட்கார்ந்து பார்க்கும்படி முன்வரிசையில் இடம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் பாதியில் போய்விடுவார்கள்.

படம் முடிந்ததும் பிள்ளைகள் முன்னால் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: 'உங்கள் வீட்டில் எப்படி?' அரை மணி நேரம் பேச்சு ஓடினால் அடுத்த படத்துக்கான பொருளும் கிடைத்துவிடும். பாம்பனில் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி போன்ற இடங்களை அணுகி, படத்தின் ஒலியை மட்டும் நிகழ்ச்சியாக்க முடியுமா என்றும் கேட்கலாம்.

இணையத்தில் ஏற்றுவதானால் கணக்கு தனியொருவர் பெயரில் இருக்க வேண்டாம். குழுவின் பெயரில் தொடங்கி, கடவுச்சொல்லை இருவர் வைத்திருங்கள். அவர்களில் ஒருவர் ஊரிலேயே இருக்கும் பெரியவர். கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள் முகம் காட்டும் படங்களில். படத்தில் இருந்தவர் பல ஆண்டுகள் கழித்து வந்து நீக்கச் சொன்னாலும் அன்றே நீக்கிவிட்டு, தெரிந்தவர்களிடம் உள்ள பிரதிகளையும் அழிக்கச் சொல்லுங்கள். வெட்டாத மூலப் பதிவுகளின் ஒரு பிரதி ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அதன் பட்டியலில் யார் எதற்கு ஒப்புதல் தந்தார்கள் என்பதையும் எழுதி ஒட்டிவையுங்கள்.